கோட்டுக்குக் கீழே நிற்கும் எண்

சில மாதங்களுக்கு முன் டெல்டாப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் நடந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். காலை அமர்வு முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். வெயிலைப் பற்றிய பேச்சு, இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டபடி, புவி வெப்பமடைதலுக்குத் தாவியது. என் வலப்பக்கம் இருந்த மூத்த நண்பர், நிறையப் படித்தவர், நான் மதிக்கும் விமர்சகர், கைப்பேசியை எடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். உச்சியில் மாட்டிறைச்சி, பக்கத்தின் விளிம்புவரை நீளும் சிவப்புப் பட்டையாக. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிலோ கரியமில வாயு. கீழே இறங்க இறங்கப் பட்டைகள் சிறுத்துக்கொண்டே போய், பாலும் அரிசியும் பருப்பும் கண்ணுக்குத் தெரியாத கோடுகளாக முடிந்திருந்தன.

எதிரே அமர்ந்திருந்த இளைஞரிடம் அவர் சொன்னார்: “பாத்தீங்களா தம்பி, இனிமே இது சாதி விவகாரமும் இல்லை, மத விவகாரமும் இல்லை. வெறும் கணக்கு. கணக்கோட யாராவது சண்டை போட முடியுமா?”

அந்த இளைஞர் அன்று காலைதான் ஒரு கதை வாசித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா மாட்டுக்கறி சமைக்கும் வீட்டின் கதை. அவர் பதில் ஏதும் சொல்லவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் இரண்டாம் முறையாகத் தயிர் வாங்கிச் சோற்றில் பிசைந்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரியாதபோது மௌனமாக இருப்பது நாகரிகம் என்று நம் சபைகளில் ஒரு எண்ணம் உண்டு. பல நேரங்களில் அது நாகரிகமல்ல, வசதி. அந்த வசதிக்கான பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

கணக்கோடு சண்டை போட முடியும் என்பதே என் தரப்பு. ஆனால் அதையும் கணக்கைக் கொண்டுதான் போட வேண்டும்.

*

முதலில் அந்த வரைபடத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். அது யாரோ பொழுதுபோகாமல் வரைந்தது அல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமசெக்கும் 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, 40 உணவுப் பொருள்களுக்கு, விதைப்பதற்கு முன் நிலத்தைத் திருத்துவதிலிருந்து கடையில் வைப்பதுவரை வெளியாகும் வாயுக்களைக் கூட்டினார்கள். மனிதர்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் 26 விழுக்காடு உணவால் வருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இவ்வளவு பெரிய உழைப்பை ‘மேற்கத்தியச் சதி’ என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பள்ளியில் பின்னம் படித்திருக்கிறோம். கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. பெரும்பாலான ஏமாற்றுக்கள் கோட்டுக்குக் கீழேதான் நடக்கின்றன, ஏனென்றால் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நண்பர் காட்டிய படத்தில் கீழே இருந்தது ‘ஒரு கிலோ’. ஏன் கிலோ? பாலில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்த துவரம்பருப்பில் தண்ணீர் சொற்பம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் பாலுக்குத் தண்ணீரே கவசமாகிவிடுகிறது.

அதே ஆய்வின் தரவுகளைக் கிலோவுக்குப் பதிலாக 100 கிராம் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மந்தையின் மாட்டிறைச்சி 50 கிலோ. அது அப்போதும் முதலிடத்தில்தான். ஆட்டிறைச்சி 20. பால்பண்ணை மாடுகளிலிருந்து வரும் இறைச்சி 17. பாலாடைக்கட்டி 11. பால் 9.5. கோழி 5.7. முட்டை 4.2. பருப்பு வகைகள் ஒரு கிலோவுக்கும் கீழே, 0.8 அளவில். கிலோக் கணக்கில் கோழிக்கு மூன்றில் ஒரு பங்காக, சாதுவாகக் கிடந்த பால், புரதக் கணக்கில் கோழியையும் முட்டையையும் தாண்டி மேலே ஏறிவிட்டது. மாடும் மாறவில்லை, பாலும் மாறவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்த சொல் மட்டும் மாறியது.

இப்போது ஆயிரம் கலோரியால் வகுப்போம். தக்காளி சுமார் 11 கிலோ. கோழி 5க்குச் சற்று மேல். அரிசி 1.2. அதாவது கலோரிக் கணக்கில் தக்காளி கோழியைவிட இரு மடங்கு பாவம் செய்கிறது! ஐரோப்பாவின் சூடேற்றப்பட்ட கண்ணாடிக் குடில்களில் விளையும் தக்காளியும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கிறது என்பது ஒருபுறம். வயிறு நிறைவதற்காக எவரும் தக்காளி தின்பதில்லை என்பது மறுபுறம். கேள்வி தவறாக இருந்தால் கணக்கு எவ்வளவு சரியாகப் போடப்பட்டாலும் விடை கேலிக்கூத்தாகத்தான் முடியும். சோற்றைக் கலோரியாலும் பருப்பைப் புரதத்தாலும் ஒப்பிடுவதே நியாயம். கீரையை இரண்டாலும் ஒப்பிடக் கூடாது.

*

அடுத்தது, எந்த மாடு?

50 என்பது ஒரு சராசரி. அந்த ஆய்வு சராசரியைச் சொல்வதற்காக மட்டும் எழுதப்பட்டது அல்ல. சராசரிக்குள் ஒளிந்திருக்கும் விரிவைக் காட்டுவதே அதன் முதன்மையான நோக்கம். மாட்டிறைச்சி உற்பத்தியில் மிக மோசமான பத்தில் ஒரு பங்கு தொடங்குமிடத்தில் 100 கிராம் புரதத்துக்கு 105 கிலோ. பால்பண்ணை மாட்டிறைச்சியில் மிகச் சிறந்த பத்தில் ஒரு பங்கின் எல்லையைப் போல அது 12 மடங்கு. ஒரே பெயரைக் கொண்ட ஒரே பண்டத்துக்குள் 12 மடங்கு வித்தியாசம். அமேசான் காட்டை எரித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலத்தில் இறைச்சிக்காகவே பிறந்து வளர்ந்த மாடும், பத்துப் பதினைந்து ஆண்டு பால் கறந்தோ உழுதோ ஓய்ந்தபின் சந்தைக்கு வரும் மாடும் ஒரே பட்டைக்குள் அடங்குவதில்லை.

நம் நாட்டில் இறைச்சிக்கென்றே மாட்டு மந்தை வளர்ப்பது அநேகமாகக் கிடையாது. இங்கே கறியாகும் எருமையும் மாடும் பெரும்பாலும் பாலின், உழவின் மிச்சம். ஆகவே, அந்த இளைஞரின் அம்மா சமைத்த கறியின் மீது நண்பர் ஏவிய 100 என்ற எண் முகவரி தவறி வந்த எண். அதே ஆய்வில் பால்பண்ணை மாட்டிறைச்சிக்கென்று தனியே ஒரு பட்டை உண்டு; கிலோவுக்கு 33 அளவில் நிற்பது. நண்பரின் படத்தில் அது இருந்ததா என்று பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

உடனே ‘அப்படியானால் நம் நாட்டு மாடு புனிதமானது, மீத்தேனே விடாது’ என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறைவாகக் கறக்கும் மாடும் தின்னத்தான் செய்கிறது, அசை போடத்தான் செய்கிறது. அது விடும் மீத்தேனை அது தரும் சில லிட்டர்களால் வகுத்தால், லிட்டருக்கு வரும் எண் பெரிதாகவே இருக்கும். உலக உணவு வேளாண்மை அமைப்பின் 2010ஆம் ஆண்டு அறிக்கை ஒரு கிலோ பாலுக்கு உலகச் சராசரி 2.4 கிலோ என்றது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1க்கும் 2க்கும் இடையில், சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் 7.5. நாம் இடையில் எங்கோ இருக்கிறோம். ஆனால் அந்த ஆப்பிரிக்க மாடு பால் மட்டும் தருவதில்லை. ஏர் இழுக்கிறது, எரு தருகிறது, கல்யாணச் செலவுக்கு வங்கியாக நிற்கிறது. இவற்றையெல்லாம் கோட்டுக்குக் கீழே சேர்க்காமல் பாலை மட்டும் வைத்து வகுப்பதும் ஒருவகை அநியாயமே. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

*

இனி நண்பரின் தயிருக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் அம்மாக்கள் தயிர் கடைவதைப் பார்த்திருப்போம். வெண்ணெய் ஒருபுறம் திரளும், மோர் மறுபுறம் நிற்கும். அந்த மாடு விட்ட மீத்தேன் வெண்ணெய்க் கணக்கில் சேருமா, மோர்க் கணக்கிலா? எடையால் பிரித்தால் பெரும்பங்கு மோருக்கு. விலையால் பிரித்தால் பெரும்பங்கு வெண்ணெய்க்கு. கொழுப்பு நான்கு விழுக்காடு உள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 3.2 கிலோ என்ற உலகச் சராசரியைப் போட்டு, முழுச் சுமையையும் நெய்யின் தலையில் ஏற்றினால் ஒரு கிலோ நெய் 80 கிலோவைத் தொடுகிறது. நண்பர் காட்டிய சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மோருக்கும் பங்கு கொடுத்தால் எண் இறங்கும். எவ்வளவு கொடுப்பது என்பதை இயற்பியல் தீர்மானிப்பதில்லை; கணக்கு எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். இந்தப் பங்கீடு, வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கீடு என்னும் துறையின் ஓயாத தகராறு. பூரும் நெமசெக்கும் விலையால் பிரித்தார்கள். புரதத்தால் பிரிப்பவர்கள் உண்டு, பிரிக்கவே கூடாது என்பவர்களும் உண்டு.

இதே தகராறு பாலுக்கும் கறிக்கும் இடையில் நடக்கும்போது நம் ஊரில் ஒரு விசித்திரம் நேர்கிறது. கன்று ஈனாமல் மாடு கறக்காது. ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைகள். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அந்தக் காளைக்கன்று என்ன ஆகிறது? ஓர் உதாரணத்துக்கு, ஒரு மந்தை 100 பங்கு மீத்தேன் விடுகிறது என்றும், அதன் வருமானத்தில் 90 பங்கு பாலிலிருந்தும் 10 பங்கு கறியிலிருந்தும் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். விலைப்படி பிரித்தால் பால் 90 சுமக்கும், கறி 10 சுமக்கும். இப்போது கறியைச் சட்டமோ கும்பலோ தடுத்துவிடுகிறது என்று கொள்வோம். அந்த 10 காற்றில் கரைந்துவிடாது. சுமக்க வேறு ஆளில்லாததால் பாலின் தலையில் வந்து ஏறும், பால் 100 ஆகும். அதோடும் முடியவில்லை. அறுக்கப்படாத காளையும் வற்றிப்போன பசுவும் தெருவிலும் கோசாலையிலும் இன்னும் பல ஆண்டுகள் தின்று, அசைபோட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஏப்பங்களுக்கும் கணக்கில் ஒரே ஒரு முகவரிதான் மிச்சம்: பால். 100 என்பது 110 ஆகலாம், 130 ஆகலாம்.

சுருங்கச் சொன்னால், பால் குடித்துக்கொண்டே கறியைத் தடுக்கிற சமூகத்தில் ஒவ்வொரு கரண்டித் தயிரின் சுமையும் கூடுகிறது. கிழமாட்டைத் தின்கிறவர் பால் குடிப்பவரின் பாரத்தில் ஒரு பங்கைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறார். நண்பரின் இலையில் இரண்டாவது முறை விழுந்த தயிருக்கும் எதிரிலிருந்தவரின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் ஒரே மாடுதான் தாய். மாட்டை இரண்டாக வெட்டி, பால் தரும் பாதியை அறத்துக்கும் கறி தரும் பாதியைக் குற்றத்துக்கும் ஒதுக்குவதைக் கணக்கு என்று சொன்னால், கணக்குக்கு அதைவிட அவமரியாதை இல்லை.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. நாட்டின் வேளாண்மைத் துறை வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் பாதிக்கும் மேல் இவற்றின் இரைப்பையிலிருந்து வருவதாக அரசே ஐ.நா.வுக்குத் தந்த அறிக்கை சொல்கிறது. இந்த மந்தையை இவ்வளவு பெரிதாக வைத்திருப்பது கறிக்கடை அல்ல. நம் காப்பி, நம் தயிர், நம் நெய், நம் பால்கோவா. காப்பி இல்லாமல் விடியாத வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

எண்களை வைத்து விளையாடுவது ஏதோ நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2006இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு, உலகப் பசுங்குடில் வாயுக்களில் 18 விழுக்காடு கால்நடைகளால் வருகிறது, இது போக்குவரத்தைவிட அதிகம் என்று அறிவித்தது. உலகமே பரபரத்தது. பிறகுதான் தெரிந்தது, கால்நடைக்குத் தீவனம் விளைவிப்பதிலிருந்து காடழிப்பதுவரை எல்லாவற்றையும் கூட்டியவர்கள், போக்குவரத்துக்கு வண்டியின் புகைக்குழாயில் வருவதை மட்டுமே கணக்கில் எடுத்திருந்தார்கள் என்று. ஒப்பீடு பிசகு என்பதை அறிக்கையாளர்களே 2010இல் ஒப்புக்கொண்டார்கள். 2009இல் ‘வேர்ல்ட் வாட்ச்’ இதழில் ஒரு கட்டுரை, விலங்குகள் விடும் மூச்சையும் சேர்த்து 51 விழுக்காடு என்றது. 2013இல் அதே உணவு வேளாண்மை அமைப்பு 14.5 என்றது. 2023இல் 12 என்றது. மாடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

இன்னொரு கதை நியூசிலாந்தில். அங்கிருந்து கப்பலில் வரும் ஆட்டிறைச்சியை ஆங்கிலேயர்கள் ‘தொலைவுப் பாவம்’ சொல்லி ஒதுக்கத் தொடங்கியபோது, 2006இல் அந்நாட்டின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு டன் ஆட்டிறைச்சிக்கு, கப்பல் பயணம் உட்பட, நியூசிலாந்துக் கணக்கு 688 கிலோ கரியமில வாயு. பிரிட்டனில் வளர்த்தால் 2,849 கிலோ. அழகான வாதம். ஆனால் அந்தக் கணக்கில் எரிபொருளும் மின்சாரமும் உரமும் இருந்தன. ஆட்டின் ஏப்பத்து மீத்தேன் இல்லை. ஆட்டைப் பற்றிய கணக்கில் ஆட்டின் வயிறே விடுபட்டுப்போனது!

மீத்தேன் என்றதும் இன்னொரு நாற்காலிச் சண்டை. ஒரு கிலோ மீத்தேன் எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்? 1995இல் 21 என்றார்கள். 2007இல் 25. 2013இல் 28. 2021இல், மாட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வருவதற்கு 27. இவையெல்லாம் 100 ஆண்டுக் கணக்கு. 20 ஆண்டுக் கணக்கில் அதே மீத்தேன் 80ஐத் தொடுகிறது. ஏனென்றால் மீத்தேன் காற்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் இருக்கும், இருக்கும்வரை கடுமையாகச் சுடும். கரியமில வாயுவோ பல நூறு ஆண்டுகள் தங்கும். 100 என்ற ஆண்டு வானத்தில் எழுதியிருக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தேர்ந்தெடுத்தது. பேரனின் காலத்தை நினைக்கிறவர் 100 என்பார், பிள்ளையின் காலத்தை நினைக்கிறவர் 20 என்பார். அண்மையில் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் வேறொரு கணக்கு முறையை முன்வைத்தார்கள்: மந்தையின் அளவு கூடாமல் இருந்தால் வெப்பமும் அநேகமாகக் கூடாது, ஆகவே மந்தை வளர்கிறதா சுருங்குகிறதா என்று பாருங்கள் என்கிறது அது. இயற்பியலாக அது நுட்பமானது. ஆனால் அதை நாடுகளுக்கிடையே நியாயம் பிரிக்கும் தராசாக்கினால், ஏற்கெனவே பெருத்த மந்தை வைத்திருக்கும் பணக்கார நாடு அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு மாடு வாங்கும் எத்தியோப்பியாவின் ஏழை குற்றவாளியாவார். முதலில் வந்து இடம் பிடித்தவனுக்கே பந்தி என்கிற நியாயம்.

*

இவ்வளவையும் கேட்டபின், ‘பார்த்தீர்களா, எண்களே பொய், நம் முன்னோர் சொன்னபடி உள்ளூரில் விளைவதைத் தின்றால் போதும்’ என்று எழுகிற இன்னொரு நண்பர் எனக்கு உண்டு. எல்லா இலக்கியக் கூட்டங்களிலும் அவர் உண்டு. அவரோடு என் சண்டை இன்னும் கடுமையானது.

உள்ளூர் என்பதே போதாது. உணவின் வாயுக் கணக்கில் போக்குவரத்தின் பங்கு 6 விழுக்காடுதான். எங்கே விளைந்தது என்பதைவிட எது விளைந்தது என்பதே பெரும்பாலும் முக்கியம். நம் சோறும் குற்றமற்றது அல்ல. தண்ணீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு வழியாகவே அது வெளியேறுகிறது. நான் பிறந்த ஊரின் பச்சைக்கு இந்த மறுபக்கம் உண்டு என்பதை ஏற்க எனக்கும் சற்றுக் காலம் பிடித்தது. ஆனால் அதே ஊர் உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்லும் முறையில், வயலை அவ்வப்போது காயவிட்டுத் தண்ணீர் கட்டினால், மீத்தேன் கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது என்பதை அளந்துதான் கண்டார்கள். அதில் நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடுகிறது என்பதையும் அளந்துதான் கண்டார்கள்.

அளப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகச் சொன்னது. வெளிநாட்டு வயல்களில் எடுத்த அளவை இந்தியாவின் நெற்பரப்பால் பெருக்கி வந்த எண் அது. இங்கே எல்லா வயலிலும் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை, மானாவாரி உண்டு, மேட்டு நெல் உண்டு, மண்ணும் வேறு. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ரா, அதைக் கண்டித்துக் கூட்டம் போடுவதோடு நிற்கவில்லை. 1991இல் நாடு தழுவிய அளவெடுப்பை ஒருங்கிணைத்தார். பயிர்மீது பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை ஊசிக்குழலில் எடுத்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு. உலகம் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

அதே 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ‘சமமற்ற உலகில் புவி வெப்பமடைதல்’ என்ற பொருள்படும் சிறுநூலை வெளியிட்டார்கள். வாஷிங்டனின் உலக வள நிறுவனம் இந்தியாவையும் சீனாவையும் பெரிய குற்றவாளிகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. இவர்கள் அதே தரவுகளை எடுத்து, பூமி தானாக உறிஞ்சிக்கொள்ளும் வாயுவை மக்கள்தொகைப்படி பிரித்து, மறுபடி கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உயிர்வாழ விளைவிக்கும் நெல்லின் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே பத்தியில் எழுதலாமா என்று கேட்டார்கள். அவர்கள் கணக்கை மறுக்கவில்லை. கோட்டுக்குக் கீழே மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். தவறான கணக்குக்கு எதிரான ஆயுதம் கூச்சல் அல்ல, இன்னும் சரியான கணக்கு என்பதற்கு இவ்விரண்டையும்விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

*

எல்லாம் சொன்னபின், எதைத்தான் தின்பது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கிலோவால் வகுத்தாலும் புரதத்தால் வகுத்தாலும், 20 ஆண்டு வைத்தாலும் 100 ஆண்டு வைத்தாலும், எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அசையாமல் நிற்கும் சில முடிவுகள் உண்டு. மேய்ச்சலுக்காகக் காட்டை எரித்து வளர்க்கும் மாட்டின் இறைச்சி பூமிக்குப் பெரும்பாரம். மிகச் சிறப்பாக வளர்த்த மாட்டின் கறிகூடப் பருப்புக்கு ஈடாக முடியாது. துவரையும் உளுந்தும் கொள்ளும் தம் வேர்முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு யூரியா அதிகம் வேண்டாம். யூரியா குறைந்தால், கரியமில வாயுவைவிட 273 மடங்கு சுடும் நைட்ரஸ் ஆக்சைடும் குறையும். எந்தப் பகுதியை மாற்றினாலும் மாறாத விடையே நம்பத்தக்க விடை. மாற்றியதும் தலைகீழாகிற விடையை வைத்துக்கொண்டு இன்னொருவரின் இலையைப் பார்த்துப் பேசக் கூடாது.

ஆகவே அந்த இளைஞரிடம், உங்கள் கறி பூமிக்கு ஒன்றும் செய்வதில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அது பொய். செய்கிறது. என் காப்பியும் செய்கிறது, நண்பரின் தயிரும் செய்கிறது, மூவரும் தின்ற சோறும் செய்கிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம், குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் நெடுங்காலமாக ஒரு சமூகத்தைத் தள்ளிவைப்பதற்குப் பயன்பட்ட பழைய அருவருப்பு, புதிதாக ஒரு வண்ணப் படத்தை உடுத்திக்கொண்டு பந்தியில் வந்து உட்கார்ந்தால், அதை அறிவியல் என்று நான் வணங்க மாட்டேன். அந்தப் படத்தை உருவாக்கிய அறிவியலாளர்களும் வணங்கச் சொல்லவில்லை.

மூத்த நண்பருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பப்போகிறேன். அவர் கோபிப்பார், ஆனால் படிப்பார். படித்துவிட்டு என் கணக்கில் பிழை கண்டால் எழுதட்டும், திருத்திக்கொள்கிறேன்; கணக்கு என்றால் அதுதானே. இளைஞரின் கதை இன்னும் அச்சாகவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று பந்தியில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்: தம்பி, கதையில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமையல் வரும் பக்கங்களை யாருக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.